குழலின் அடியில் ஒரு பெயர்

திருவொற்றியூரில் 1950களில் உருவாகத் தொடங்கிய என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் பெயர் ஒரு துப்பாக்கியோடு உறவுடையது. இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஊர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததால் அந்நிறுவனம் அப்பெயரைப் பெற்றது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் 1853ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியும் அப்பெயருடையதே. 1857 கிளர்ச்சியைத் தூண்டிய கொழுப்புத் தடவிய தோட்டா இதற்குரியது.

அத்துப்பாக்கிகள் பலவற்றின் விசைத் தகட்டில் மகுடமும் ஆண்டும் 'டவர்' என்ற சொல்லும் காணப்படும். அது செய்தவர் பெயரன்று; அரசின் முத்திரை. பர்மிங்காம் பட்டறைகளில் குழலை ஒருவர், விசையை ஒருவர், கட்டையை ஒருவர் எனப் பலர் செய்தனர். அவர்களைத் தேடுவோர் குழலைக் கட்டையினின்று கழற்றி அடிப்புறத்தை நோக்க வேண்டும். கண்ணில் படாத அவ்விடத்தில்தான் தொழிலாளியின் முதலெழுத்துகள் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

திப்பு சுல்தானின் துப்பாக்கிகள் சிலவற்றிலோ செய்தவர் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் நாம் அவற்றைத் 'திப்புவின் துப்பாக்கி' என்று சொல்லி அமைகிறோம். மன்னன் இடமளித்த பெயரை நாம் மறப்பது முறையா?

திருவொற்றியூர் ஆலையில் பெட்ரோல் டாங்கின் பொன்னிறக் கோட்டைத் தூரிகை பிடித்த கைகளே வரைந்தன. வண்டியில் நின்றதோ நிறுவனத்தின் பெயர்.

அருங்காட்சியகப் பட்டியல்களில் 'உடையவர்' என்பதற்கு அருகே 'செய்தவர்' என்றொரு பத்தியும் வேண்டும். பெயர் கிட்டாவிடினும் குழலடி முத்திரையின் படத்தையாவது அங்கே பதிதல் நம் கடன்.