இரகசிய மூலிகையும் இரத்தக் கொதிப்பும்

சாரல் வந்தால் போதும். குற்றாலத்திலும் தென்காசியிலும் "சித்தர் மூலிகை, இரத்தக் கொதிப்பு தணியும், சிறுநீரகம் பிழைக்கும்" என்று பொடி விற்போர் கிளம்பிவிடுவார்கள். என்ன மூலிகை என்றால், 'பரம்பரை இரகசியம்' என்பார்கள்.

மூலிகை நமக்கு விரோதியல்ல, இரகசியமே விரோதி. சர்ப்பகந்தி வேரைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளுக்குக் கொடுத்து, கொதிப்பை அளந்து, 1949-ல் கணக்கை வெளியிட்டார். உலகம் ஒப்புக்கொண்டது.

பச்சிலை தீங்கே செய்யாதாம்! பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கப் பச்சிலை தின்ற பெண்கள் சிறுநீரகத்தைப் பறிகொடுத்ததை 1993-ல் டாக்டர்கள் எழுதினார்கள். காரணம், நம் ஈசுவரமூலிக்கு இனமான செடி!

தோழர்களே! கொதிப்பு அடங்காவிட்டால் சிறுநீரகம் வலியில்லாமலே கெடும். அருவியில் தாராளமாய்க் குளியுங்கள். ஆனால் கொதிப்பை அளந்து பாருங்கள்; இரத்தத்தையும் சிறுநீரையும் சோதியுங்கள். பெயரும் அளவும் சொல்லாத மருந்தைச் சித்தரே கொடுத்தாலும் தொடாதீர்கள்!