ஒரே பணம், இரண்டு பேர் வருமானமா?

மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் வழியெங்கும் உள்ள ஆலைகளில் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு விவாகரத்து ஆனால், சம்பளச் சீட்டில் டிடிஎஸ் மாறுவதில்லை. நம் நாட்டில் சம்பளத்துக்கு வரி தனி ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல என்பதால் அது சரியே. ஆனால் நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சத்தையும் அவருடைய வருமானமாகவே எண்ணி வரி பிடிப்பது சரியல்ல. ஆண்டுச் சம்பளம் 15,75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக, செஸ்ஸோடு வரி 1,09,200 ரூபாய். மாதம் 25,000 வீதம் அவர் கொடுக்கும் 3 லட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 12 லட்சம். அதுவரை வரியில்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தவர் தாங்கள்தான். பாதிப்பு அவரோடு முடிவதுமில்லை. 2017இல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சத்துக்குச் சொன்ன அளவு, பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம். வரி கூடினால் அந்தச் சம்பளம் குறையும். பிரிந்து வாழும் மனைவிக்குப் போவதும் குறையும்.

இதன் வேர் 1960இல் இருக்கிறது. சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கில், நீதிமன்ற ஆணைப்படி மனைவி மக்களுக்குக் கொடுத்ததானாலும், வருமானம் கைக்கு வந்தபின் செய்த செலவே அது, கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றோ சம்பளத்தை நீதிமன்றம் ஜப்தி செய்தால் நிறுவனமே பிடித்து அனுப்பிவிடுகிறது. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அவருக்குக் காப்பாற்றித் தருவது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான். கைக்கே வராத பணத்தை அவர் செலவு செய்ததாக எப்படிச் சொல்வது?

சேர்ந்து வாழும் கணவனும்தான் மனைவிக்குச் செலவழிக்கிறான், அவனுக்குக் கழிவு இல்லையே என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் மணவாழ்க்கை நீடிக்கும்வரை கணவன் கொடுப்பதை மனைவியின் வருமானமாக வரித்துறை எண்ணுவதில்லை. மணமுறிந்தபின் மாதாமாதம் வருவது அவருடைய வருமானம் என்று பிரதாப்கர் இளவரசி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சம்பளமும் இதுவும் சேர்ந்து வரம்பைத் தாண்டினால் அதே பணத்துக்கு இரண்டாம் வரி. அமெரிக்காவில்கூட, 2018க்குப் பிந்தைய விவாகரத்துகளில் கொடுப்பவருக்குக் கழிவு இல்லை. வாங்குபவருக்கு வரியும் இல்லை. புதிய முறையே கழிவுகளை ஒழிக்கத்தான் வந்தது என்பார்கள். ஆனால் காப்பீடும் சேமிப்பும் அவரவர் விருப்பம்; ஜீவனாம்சம் கட்டத் தவறினால் சிறை. வரிக்காகப் பொய்யாக மணமுறிவு செய்வார்கள் என்ற அச்சத்துக்கு, நீதிமன்ற ஆணை, வங்கிப் பரிமாற்றம், பெறுபவரின் பான் எண் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கினால் போதும்.

எனவே, ஆணையின் நகலை ஊழியர் கொடுத்த மாதத்திலிருந்தே அந்தத் தொகையைக் கழித்து டிடிஎஸ் கணக்கிட நிறுவனங்களுக்கு அனுமதி தர, 2025 வருமான வரிச் சட்டத்தில் அடுத்த நிதி மசோதாவிலேயே திருத்தம் கொண்டுவர வேண்டுகிறேன்.