கிணற்றடி யந்திரத்தின் நினைவகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் நாம் காணும் நன்னீர், மாரியிற் பெய்து சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதந்து நிற்பதாகையால், அளவு மிஞ்சி இறைத்தாற் கிணறு உவராகிவிடும் என்பதை வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர் யாவரும் அறிவர். அந்த இறைப்பைத் தானே ஆரம்பித்துத் தானே நிறுத்தும் கருவியொன்றை மாணவரொருவர் செய்ய முனைவாராயின், அவர் முதலிற் சிந்திக்க வேண்டிய விஷயம் அதன் நினைவகமே என்பது எனது திடமான அபிப்பிராயம்.

மாணவர் பெரிதும் கையாளும் ஆர்டுயினோ ஊனோ பலகையில், நிரல் ஓடும்போது பயன்படும் நினைவகம் 2048 பைட் மாத்திரமே. நீர்மட்டத்தை அறிவிக்கும் செய்தியை நிமிஷந்தோறும் கோப்பதற்காக அதிலிருந்து சிறிது இடத்தைக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் நிரல், பரிசோதனை மேசையில் ஒரு மாலைப்பொழுது முழுதும் பிழையின்றி ஓடும். ஆனால் நாட்செல்லச் செல்ல, திரும்பிய இடங்கள் சமமற்ற துண்டுகளாய்ச் சிதறி, நாலு பரப்புக் காணி இருந்தும் வீடு கட்ட ஒரே நிலமாய் இடமில்லாதவர் நிலையை எய்தி, மொத்தத்தில் 300 பைட் மிஞ்சியிருந்தும் தொடர்ச்சியாக 80 பைட் அகப்படாத வேளை வந்துவிடலாம். அவ்வேளையில் நிரல் உறைந்து நின்றால், நீர்ப்பம்பிக்கு இறுதியாக இட்ட கட்டளையே நிலைத்திருக்கும். பம்பி ஓடிக்கொண்டிருந்ததாயின், உவர் ஏறினாலும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

நாசாவுக்கே இவ்வித சங்கடம் நேர்ந்ததுண்டு. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, சேமிப்பகத்திற் கோப்புகள் பெருகி, அவற்றின் விபரத்தைத் தாங்கும் நினைவகம் போதாமற்போனமையால், மூன்று வாரத்துக்குள் மீண்டும் மீண்டும் தன்னைத் தொடக்கியவண்ணம் தவித்தது. பூமியிலிருந்து கட்டளையனுப்பிக் கோப்புகளை அழித்த பின்னரே சீரடைந்தது. நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் வெளியிட்ட பத்து விதிகளுள் மூன்றாவது, ஆரம்ப ஆயத்தம் முடிந்தபின் நிரல் புதிதாக நினைவகம் கேட்கலாகாது என்பதாகும்.

ஜாவா, பைத்தன் போன்ற மொழிகள் பயனற்ற நினைவகத்தைத் தாமே மீட்டுத் தரும் சௌகரியம் பரீட்சைப் பெறுபேற்றைக் கணிப்பதற்கு உகந்ததே. ஆயின் குறித்த கணத்திற் காரியம் நிகழ்ந்தாக வேண்டிய யந்திரத்தில், எப்போது நேருமென்று நிச்சயமில்லாத அவற்றின் இடைநிறுத்தத்துக்கு இடந்தரலாகாது.

ஆகவே, வேண்டிய இடம் முழுவதையும் ஆரம்பத்திலேயே கணக்கிட்டு ஒதுக்கும் பழக்கத்தை, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் எங்கள் பாடசாலைகளும் முதற் பாடமாகக் கொள்ளவேண்டும். மாணவர் செய்த கருவியை ஒரு மாதகாலமேனும் தோட்டக் கிணற்றடியில் இடைவிடாது ஓடவிட்டு, அதன் பின்னரே புள்ளியிடுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன்.