கிணற்றில் போட்ட பொடிக்கு வலு இருந்ததா?

2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியுமா, சகோதரிகளே? தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தது. பல நாள் கரண்ட் இல்லை. கொல்லைக் கிணறுதான் கதி. அதையும் இறைத்துச் சுத்தம் செய்து, பரணில் வாய் திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடரைக் கண்ணளவாய்க் கரைத்து ஊற்றினேன். "வாசனையே காணோமேம்மா" என்றார்கள் அத்தை. நான் காதில் வாங்கவில்லை. நாலாம் நாள் ஓர்ப்படியின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அந்தத் தண்ணீரால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் குழந்தை தேறி வரும்வரை என் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு எங்கள் தெரு கெமிஸ்ட்ரி டீச்சரக்காவிடம் அந்தப் பொடியையும், கடையில் வாங்கிய புதுப் பொடியையும் கொடுத்தேன். அவர் செய்ததற்கு டைட்ரேஷன் என்று பெயர். பொடியைத் தண்ணீரில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடும் கொஞ்சம் அமிலமும் சேர்க்க, பழுப்பாக அயோடின் பிரிந்தது. அதில் ஹைப்போ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நிறம் வெளுத்து வரும்போது நம்ம கஞ்சித் தண்ணீர் மாதிரி ஸ்டார்ச் ஊற்றினார். கருநீலமாயிற்று! அந்த நீலம் மறைய எவ்வளவு ஹைப்போ செலவாகிறதோ, அவ்வளவுக்குக் குளோரின் இருக்கிறதென்று கணக்கு. புதுசுக்கு 17 மில்லி ஆயிற்று. என் பழசுக்கு 5 மில்லிதான். நல்ல பொடியில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். அப்படியானால் என்னுடையதில் 10 கூட இல்லை! காற்று, வெயில், ஈரம் பட்டால் வலு போய்விடுமாம். மிஞ்சுவது சுண்ணாம்புதான். திரவ பிளீச்சும் சூட்டில் இப்படித்தான் வலு குறையும்.

வீட்டில் அமிலமெல்லாம் வேண்டவே வேண்டாம். பிளீச்சோடு பாத்ரூம் ஆசிட் சேர்ந்தால் விஷவாயு வரும். ஒப்பிட்டுப் பார்க்க அக்கா சொன்ன எளிய வழி இது. ஒரு லிட்டர் தண்ணீரில் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை கரைத்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் பாதிப் பாதி சம அளவாக ஊற்றுங்கள். புதுப் பொடி, பழைய பொடி இரண்டிலும் தலை தட்டி ஒரு டீஸ்பூன் எடுத்து, தனித்தனியே ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிய விடுங்கள். மருந்து விடும் ஃபில்லரால் ஒரு டம்ளரில் ஒரு தெளிவு, மற்றதில் மற்றது என்று ஐந்தைந்து சொட்டு விட்டு, கலக்கி, ஒரு நிமிஷம் பொறுங்கள். கலர் போக எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். குறைந்த சொட்டில் வெளுக்க வைப்பதே வலுவானது. மஞ்சள் தூள் உதவாது. சுண்ணாம்பு பட்டால் சிவந்துவிடும். பார்த்த தண்ணீரைக் கொட்டி விடுங்கள்.

கிணற்றுக்கு 1000 லிட்டருக்கு நல்ல பொடி 2.5 கிராம். 2 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர். பொடி 24 கிராம் போதும். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் தெளிய வைத்து, தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு உள்ளே போக வேண்டாம். ஒரு மணி நேரமாவது கழித்தே இறைக்க வேண்டும். குழந்தைக்குக் கொடுப்பதைக் காய்ச்சி ஆற்றிக் கொடுங்கள்.

இப்போதெல்லாம் ஐப்பசி பிறக்குமுன் புதுப் பொடி கொஞ்சமாக வாங்கி, இறுக மூடி, பாக்கெட்டில் தேதி எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் நிழலில் வைக்கிறேன். பரணில் எத்தனை கிலோ கிடக்கிறது என்பதல்ல கணக்கு. அதில் வலு எவ்வளவு மிச்சம் என்பதுதான்!