ஆகஸ்டில் எழுதும் கடன் பத்திரம்



ஆகஸ்ட் மாதம் நெருங்கும்போதெல்லாம் இந்த அமெரிக்க தேசத்துக் கல்லூரி ஊர்களில் ஒரு சடங்கு நடைபெறுகிறது. கால்பந்து ரசிகர் தம் பல்கலைக்கழக அணியின் பன்னிரண்டு ஆட்டங்களின் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, எதிரணி ஒவ்வொன்றின் பெயருக்கு நேராகவும் ஒரு குறிப்பு எழுதுகிறார்: வெற்றி, வெற்றி, ஐயம், வெற்றி. கூட்டிப் பார்த்தால் பத்து வருகிறது. சில வேளை பதினொன்று. ஆறு என்று கூட்டி முடித்த ரசிகரைக் காண்பது அரிது. நம் பிள்ளைகள் அக்கல்லூரிகளில் பயில்வதால் நம் இல்லங்களிலும் இக்கூட்டல் நடக்கிறது. ஆராதனை முடிந்து காப்பி அருந்தும் வேளையிலும் நடக்கிறது.

இதைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என்கிறீர்கள். அப்படியன்று என்பதே என் வழக்கு.

முதலாவது, இக்கணக்கு எத்தனை பலவீனமானது என்று பாருங்கள். 2023-இல் ஃபுளோரிடா ஸ்டேட் அணி பதின்மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் தன் கான்ஃபரன்ஸ் பட்டத்தை வென்றது. ஆயினும் நவம்பரில் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலில் பலத்த காயமடைந்திருந்தார். அதையும் கருத்தில் கொண்ட தேர்வுக் குழு, அப்போது நான்கு அணிகள் மட்டுமே ஆடிய தேசியப் போட்டியில் அவர்களுக்கு இடமளிக்கவில்லை. ரசிகர்களின் நெஞ்சில் அந்த அநீதி கனன்றது. அடுத்த பருவம் அதற்கு ஈடு செய்யும் என்று நம்பினார்கள். அசோசியேட்டட் பிரஸ் 2024 பருவத்துக்கு முன் வெளியிட்ட தரவரிசையும் அவ்வணியைப் பத்தாம் இடத்தில் வைத்தது. முதல் ஆட்டம் அயர்லாந்தின் டப்ளின் நகரில். தரவரிசையில் இடமே பெறாத ஜார்ஜியா டெக் அணி கடைசி நொடியில் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து 24-21 என வென்றது. பருவம் முடிந்தபோது ஃபுளோரிடா ஸ்டேட் கண்டது இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி.

காரணம் மறைபொருளன்று. முந்தைய ஆண்டு வென்றவர்களில் பலர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். புதிய குவார்ட்டர்பேக் தன் மூன்றாவது பல்கலைக்கழகத்துக்கு அப்போதுதான் வந்திருந்தார். பருவத்தின் நடுவே பந்தெறியும் கையில் காயமுற்றார். ரசிகர்கள் எண்ணியது ஆட்களையன்று, சென்ற ஆண்டின் சீருடைகளை. அதே 2024-இல், இந்தியானா அணி தன் கான்ஃபரன்ஸின் பதினெட்டு அணிகளில் பதினேழாவதாக வரும் என்று செய்தியாளர்கள் கணித்தார்கள். அது பதினொரு ஆட்டங்களில் வென்றது. அதற்கடுத்த பருவத்தில் தேசியப் பட்டத்தையே வென்றது.

கணிப்பு பொய்ப்பது ஒரு குற்றமன்று. வானிலைக் கணிப்பும்தான் பொய்க்கிறது. மழை வராததற்காக மேகத்தை யாரும் வசைபாடுவதில்லை. இங்கேயோ, ஆகஸ்டில் தாமே எழுதிய பத்து வெற்றிகளை, அந்த இளைஞர்கள் தமக்குப் பட்ட கடன் என்று ரசிகர் எண்ணத் தொடங்குகிறார். கையெழுத்திட்டவர் ஒருவர், கடனாளி வேறொருவர். அக்டோபரில் தவணை தவறுகிறது. ஒரு பந்தைத் தவறவிட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கைப்பேசிக்கு அன்றிரவே வசைகள் போய்ச் சேருகின்றன. அனுப்புகிறவர்களுள் தகப்பன்மாரும் இருக்கிறார்கள். தாவீது இராஜா ஜனங்களைத் தொகையிட்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். போருக்கு உதவுவோரின் தொகை அவனுக்கு வேண்டியிருந்தது, அவர்களுடைய பெயர்கள் வேண்டியிருக்கவில்லை.

இதில் பணமும் புகுந்துவிட்டது. விளையாட்டுப் பந்தயச் சூதாட்டத்தை மாநிலங்கள் அனுமதிக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. அதன்பின் அணியின் வெற்றி மீது மட்டுமன்றி, தனி ஒரு மாணவன் எத்தனை கெஜம் ஓடுவான் என்பதன் மீதும் பந்தயம் கட்டலாயிற்று. கல்லூரி ஆட்டக்காரர்கள் மீதான இத்தகைய தனிப் பந்தயங்களைத் தடை செய்யும்படி, கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் சார்லி பேக்கரே 2024-இல் மாநிலங்களை வேண்டிக்கொண்டார். ஓஹியோ உள்ளிட்ட சில மாநிலங்கள் தடை செய்துள்ளன. நீங்கள் பந்தயம் கட்டுவதில்லை என்றே நம்புகிறேன். ஆனால் அதே பேராசையோடு பந்தயமின்றிக் கணக்குப் போடுகிறவரும் உண்டு.

“இப்போது அவர்களுக்கு ஊதியம் உண்டே?” என்பீர்கள். உண்டு. தம் பெயராலும் உருவத்தாலும் வருவாய் ஈட்ட 2021 முதல் வழி பிறந்தது. 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் விளையாட்டு மாணவர்களுக்குப் பகிரலாயிற்று. இது நீதியானதே, நெடுங்காலம் தாமதித்து வந்த நீதி. எனினும் கூலி வாங்குகிறவனைத் தூற்றும் உரிமையும் அக்கூலியோடு சேர்ந்து விற்கப்பட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் உங்கள் மேலாளர் இதே நியாயத்தைப் பேசினால் என்ன சொல்வீர்கள்?

பயிற்சியாளர்களின் கதையும் இதுவே. 2025 பருவத்துக்கு முந்தைய தரவரிசையில் பென் ஸ்டேட் இரண்டாம் இடத்தில் இருந்தது. அடுத்தடுத்து மூன்று தோல்விகள். அக்டோபர் நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் நீக்கப்பட்டார். முந்தைய பருவத்தில் அதே மனிதர் அவ்வணியைத் தேசிய அரையிறுதி வரை அழைத்துச் சென்றிருந்தார். 2023-இல் டெக்ஸஸ் ஏ அண்டு எம் தன் பயிற்சியாளரை அனுப்பிவிடுவதற்காக 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. வேலை செய்யாதிருக்கக் கொடுக்கும் கூலி அது! கல்விக்கூடங்களை இவ்விதம் செலவழிக்கத் தூண்டுவது, ஆகஸ்டில் நீங்களும் உங்கள் நண்பரும் மேசையில் கூட்டிய அந்தப் பத்துதான்.

அணியைப் பற்றிப் பேசவே கூடாதென்று நான் சொல்லவில்லை. தாக்கும் வரிசையின் ஐவரில் எத்தனை பேர் மீண்டும் வருகிறார்கள், குவார்ட்டர்பேக் விழுந்தால் அடுத்து நிற்பவன் யார், அவன் எந்த ஊர்ப் பிள்ளை, சென்ற ஆண்டு முழங்காலில் அறுவை செய்துகொண்டவன் இப்போது எப்படி ஓடுகிறான் என்றெல்லாம் அறிந்து பேசும் முதிய ரசிகர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் பொழுது போவதே தெரியாது. எத்தனை வெற்றி என்று கேட்டால் மட்டும் தோளைக் குலுக்குவார்கள்.

ஆகவே, இவ்வாண்டும் எழுதித்தான் தீர்வேன் என்பவர்கள் எழுதுங்கள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை வரை அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அன்றிரவு அதைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில், இந்தப் பருவத்தில் யாரோ ஒருவருடைய மகனுக்கு நீங்கள் அனுப்பிய செய்திகளை ஒன்றுவிடாமல் எழுதி, உங்கள் சொந்த மகனிடம் வாசிக்கக் கொடுங்கள்.