140 அடி முருகனும் ஓர் அறையும்

பத்துமலை முருகன் சிலை 140 அடி. 2006இல் திறந்தோம். அதன் காலடியில் நின்று, "முருகனுக்கு ஏம்மா ரெண்டு பொண்டாட்டி?" என்று ஒரு பிள்ளை கேட்டால் நம் பதில்? "சாமியப் பத்தி அப்படியெல்லாம் பேசாத!"

1996 கல்விச் சட்டப்படி 5 முஸ்லிம் மாணவர்கள் இருந்தாலே பள்ளியில் இஸ்லாமியக் கல்வி உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகள் பிற சமயங்களையும் கற்பிக்கலாம். நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் அல்ல. நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி மட்டும். பாரபட்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோயில் உண்டியல் நாடாளுமன்றப் பணமா என்ன?

"ஞாயிறு பள்ளி நடத்தி மதம் மாத்துறாங்க" என்று கொதிக்கிறோம். பிள்ளைகளுக்கென்று ஓர் அறை, ஓர் ஆசிரியர், கதை, பாட்டு. அதுதானே ஞாயிறு பள்ளி? நம்மை யார் தடுத்தார்கள்? நம் சமய வகுப்புகள் பலவற்றில் நடப்பது தேவாரப் போட்டிக்கான மனப்பாடம். பொருள் கேட்கிற பிள்ளை அதிகப்பிரசங்கி.

பிரணவத்துக்குப் பொருள் கேட்டுப் பிரமனையே மடக்கிய பிள்ளை முருகன். அவன் சந்நிதியில் பிள்ளைகள் வாய் திறக்கக்கூடாதாம்!

கோயில் தலைவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்த கும்பாபிஷேகத்துக்கு வசூல் தொடங்கும் முன் ஓர் அறையைத் திறங்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், கேள்விக்கு முகம் சுளிக்காத ஆசிரியர் ஒருவர். இருவருக்கும் சம்பளம் கொடுங்கள். அதன் பிறகு, "பிள்ளைங்க கோயிலுக்கு வர்றதில்ல" என்று புலம்பலாம்.