சலுகை மார்க் கிடையாது

சென்ற இதழில், எனக்குப் பிடித்த பத்து வீடியோ ஆட்டங்களை வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், யாருடைய சொத்தையோ வேறு யாருக்கோ எழுதி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. சிறந்த நாவல்கள் என்று க. நா. சுப்ரமண்யம் பட்டியல் போட்டபோது எழுத்தாளர்கள் அவரோடு சண்டைக்குப் போனார்கள். நியாயம்தான், அவர்களுடைய பிழைப்பு அது. இந்தப் பட்டியலுக்காக என்னோடு சண்டைக்கு வந்திருப்பவர்களோ, ஆட்டம் எதையும் தயாரிக்காதவர்கள், விற்காதவர்கள், வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள். அந்த ஆத்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகையால் பதில் சொல்கிறேன். ஆனால் பட்டியலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதாக உத்தேசமில்லை.

பார்க்காதவர்களுக்காக வரிசையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். முதலிடம் டெட்ரிஸ், அதுவும் 1989-இல் கேம் பாய் என்ற கைப்பெட்டியில் வந்த டெட்ரிஸ். பிறகு ஷேடோ ஆஃப் தி கொலாஸஸ் (2005), சூப்பர் மெட்ராய்ட் (1994), பிரெத் ஆஃப் தி வைல்ட் (2017), சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985), ஃபைனல் ஃபேன்டஸி 7 (1997), ஒகரினா ஆஃப் டைம் (1998), ஈகோ (2001), வீ ஸ்போர்ட்ஸ் (2006), ஹேடீஸ் (2020).

பத்தில் ஏழு, 2005-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ வந்தவை. குற்றச்சாட்டுகளில் பாதி இதைப் பற்றியதுதான். ஓர் அன்பர் மிகவும் மரியாதையாகவே எழுதியிருக்கிறார்: "அந்தக் காலத்துக்கு அவை நல்ல ஆட்டங்கள்தான், ஐயா. ஆனால் இன்றைய ஆட்டங்களோடு ஒரே வரிசையில் வைக்கலாமா?"

"அந்தக் காலத்துக்கு" என்ற இந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை. இதைவிட நாசூக்காக ஒன்றைக் குப்பையில் போட முடியாது. "அந்தக் காலத்துக்கு அவர் நன்றாகத்தான் எழுதினார்" என்று என்னைப் பற்றி நாளை யாராவது சொன்னால், அது பாராட்டு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த மனப்பான்மை எங்கிருந்து வருகிறது? "தலைமுறை" என்ற வார்த்தையிலிருந்து வருகிறது. 1972-இல் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் ஒடிஸி என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. வண்ணம் காட்டத் தெரியாத யந்திரம். டெலிவிஷன் திரையின் மேல் நிறமடித்த பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு ஆட வேண்டும். அதை முதல் தலைமுறை என்கிறார்கள். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ஒன்பதாம் தலைமுறையாம். நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒன்பது தலைமுறை! நம் வீடுகளில் அந்தக் கால அளவுக்குள் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்றைப் பார்த்தாலே அதிகம்.

சரி, தலைமுறை என்றால் பிள்ளைக்குத் தகப்பனைத் தெரிய வேண்டாமா? 2006-இல் முதன்முதலாக வந்த பிளேஸ்டேஷன் 3 தன் தகப்பனின் தட்டுகளை ஏற்று ஆடியது. பிற்பாடு வந்த அதே பிளேஸ்டேஷன் 3-களில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-க்கோ பிளேஸ்டேஷன் 3-இன் தட்டே புரியாது. நூறு வருஷத்துக்கு முன் அச்சான புத்தகத்தைப் படிக்க எனக்கு இதே கண்கள் போதும். பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய ஆட்டத்தை ஆடப் புதிய பெட்டி உதவாது என்கிறார்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற ஆட்டம் 2013-இல் வந்தது. மெருகேற்றி 2014-இல் வந்தது. முழுக்கப் புதுப்பித்து 2022-இல் வந்தது. மூன்று தடவையும் கதை அதேதான், விலை மட்டும் தனித்தனி. "பழையது அந்தக் காலத்துக்கு நல்லது" என்று ஒருவர் மனசார நம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைவிட நல்ல வாடிக்கைக்காரர் எந்தக் கடைக்குக் கிடைப்பார்?

இதைச் சொன்னவுடன், நான் பழமைக்குப் பரிந்து பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பட்டியலில் அடாரி 2600 பெட்டியின் ஆட்டம் ஒன்றுகூட இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. 1977-இல் வந்த அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் மொத்தமே 128 பைட். அதற்குள் டேவிட் கிரேன் என்ற மனிதர் 1982-இல் பிட்ஃபால் என்ற ஆட்டத்தில் 255 திரைகள் கொண்ட ஒரு காட்டையே ஓட விட்டார். செய்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஆட்டத்துக்கென்று அவர் வைத்த கெடு இருபது நிமிஷம். அது முடிந்ததும் மறுபடி ஆட எனக்குத் தோன்றுவதில்லை. செய்தவருடைய சாமர்த்தியம் வேறு, என் சந்தோஷம் வேறு. முன்னதற்காகப் பின்னதைக் கூட்டிக் காட்ட மாட்டேன்.

ஒகரினா ஆஃப் டைம் ஏழாம் இடத்துக்கு இறங்கியதும் இந்தக் காரணத்தால்தான். விமர்சகர்களின் மார்க்குகளைத் திரட்டிப் போடும் மெட்டாக்ரிடிக்கில் அதற்கு 100-க்கு 99. அதற்கு மேல் இன்றுவரை எந்த ஆட்டமும் வாங்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தி எதிரியைப் பார்வையில் பிடித்து வைத்துக்கொண்டு அவனைச் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுகிற முறையை அது அப்படி அமைத்துக் கொடுத்தது. பின்னால் வந்த எத்தனையோ ஆட்டங்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. எல்லாம் வாஸ்தவம். ஆனால் தண்ணீர்க் கோயிலுக்குள் இரும்புச் செருப்பைப் போடவும் கழற்றவும் ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தை நிறுத்திப் பட்டியலைத் திறக்க வேண்டியிருந்ததே, அந்த எரிச்சல் 1998-லும் எரிச்சல்தான். 2011-இல் வேறு பெட்டிக்கு மாற்றியபோது செய்தவர்களே அதைத் திருத்தினார்கள். முன்னோடிக்குப் பென்ஷன் கொடுக்கலாம். மார்க் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் சூப்பர் மாரியோ மட்டும் ஐந்தாம் இடத்தில் எப்படி என்று கேட்கலாம். அந்தக் கேசட்டின் மொத்த எடை 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு போட்டோ அதைப்போல் பல மடங்கு. இடம் பற்றாமல், வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே படமாக வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினார்கள். இந்தச் சிக்கனம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறதே தவிர, மார்க் அதற்கல்ல. மார்க் அந்தத் தாவலுக்கு. பொத்தானைத் தொட்டு விட்டால் சின்னத் தாவல். அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். ஓடி வந்து தாவினால் நிற்க நினைத்த இடத்தில் நிற்க முடியாமல் கொஞ்சம் சறுக்கல். திரையிலுள்ள பொம்மைக்கு உடம்பின் கனம் இருப்பது கட்டைவிரலுக்குத் தெரிகிறது. வீட்டில் பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கிற என் பேரன், வயது எட்டு, அவனிடம் இதைக் கொடுத்தேன். முதல் குழியில் விழுந்தான், இரண்டாவதிலும் விழுந்தான். "அந்தக் காலத்துக்குப் பரவாயில்லை, தாத்தா" என்று அவன் சொல்லவில்லை. கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

புதியதில் எனக்குப் பகை இல்லை என்பதற்கு நாலாம் இடத்தைப் பார்த்தால் போதும். பிரெத் ஆஃப் தி வைல்டில் மழை பெய்தால் பாறை வழுக்கும், ஏற முடியாது. இடி இடிக்கும்போது இரும்பு வாளை முதுகில் வைத்திருந்தால் மின்னல் தலையில் இறங்கும். காய்ந்த புல்லில் நெருப்பு வைத்தால் எழும்புகிற சூட்டுக் காற்றில் துணியை விரித்து மேலே போகலாம். யந்திரத்தின் பலத்தையெல்லாம் அழகு காட்டுவதில் செலவழிக்காமல், உலகத்துக்குச் சட்டம் போடுவதில் செலவழித்திருக்கிறார்கள்.

இனி, இரண்டாவது கோபம். "கதை எழுதுகிற நீங்களே கதையில்லாத டெட்ரிஸை முதலில் வைத்து, கதையுள்ள தி லாஸ்ட் ஆஃப் அஸை அடியோடு விட்டுவிட்டீர்களே?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கதை எழுதுகிறவன் என்பதால்தான் விட்டேன். அதன் வசனம் உயர்ந்த வசனம். தகப்பன் போன்றவனும் மகள் போன்றவளும் பேசாமல் இருக்கிற இடங்கள் இன்னும் உயர்வு. ஆனால் அந்த இடங்களில் பெரும்பாலும் நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன். என் கைக்கு அவர்கள் கொடுத்த வேலைகளில் பாதி, ஏணியைத் தூக்கிச் சாய்ப்பதும், நீந்தத் தெரியாத பெண்ணைப் பலகையில் ஏற்றித் தள்ளுவதும். கடைசியில் ஆஸ்பத்திரி அறையில் மட்டும், நான் செய்ய விரும்பாததை என் விரலாலேயே செய்ய வைக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷம்தான் ஆட்டம். மற்றது நல்ல சினிமா; சினிமாவை நான் வேறு பட்டியலில் வைத்துக்கொள்கிறேன்.

ஷேடோ ஆஃப் தி கொலாஸஸில் பேச்சே மிகக் குறைவு. செத்துப்போன ஒரு பெண்ணை எழுப்ப ஒருவன் பதினாறு ராட்சதர்களைக் கொல்ல வேண்டும். இடையில் வேறு எதிரிகள் கிடையாது, வெறும் நிலமும் ஒரு குதிரையும்தான். ராட்சதனின் ரோமத்தைப் பிடித்துத் தொங்குகிறவரை ஒரு பொத்தானை விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். அவனுக்குக் கை சோர்கிறபோது எனக்கு விரல் வலிக்கிறது. குத்தி வீழ்த்தினால், வெற்றி முழக்கம் வருமென்று காத்திருக்கிறோம். வருவது ஒப்பாரி போன்ற இசை. ஒவ்வொரு கொலைக்கும் அவன் முகம் கறுத்துக்கொண்டே போகிறது. 'நீ செய்வது சரியா?' என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. நானே கேட்டுக்கொண்டு, அடுத்த ராட்சதனைத் தேடிப் புறப்பட்டேன். ஒரு நாவலில் இதைச் செய்ய எனக்கு முந்நூறு பக்கம் வேண்டும். அப்போதுகூட வாசகரின் கையில் ரத்தம் படாது.

ஃபைனல் ஃபேன்டஸி 7-இல் ஏரித் இறந்ததற்கு உலகமே அழுதது. கட்டம் கட்டமான உருவங்கள்; வாய்கூட அசையாது. இருந்தும் ஏன் அழுதார்கள்? சாவைக் காட்டிய படத்தால் மட்டும் அல்ல. அதுவரை மணிக்கணக்காக அவளுக்குச் சக்தி சேர்த்து, ஆயுதம் வாங்கி, சண்டையில் காயத்தை ஆற்ற அவளையே நம்பிப் பழகிவிட்டோம். அடுத்த சண்டைக்கு ஆள் பொறுக்கும்போது பெயர் வரிசையில் அவள் இல்லை. துக்கம் அங்கே இருக்கிறது. சாவு வீட்டில் மறுநாள் காலையில் ஒரு டம்ளர் காப்பி அதிகமாகக் கலந்துவிடுகிற மாதிரி.

டெட்ரிஸுக்கு வருகிறேன். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதைச் செய்த எலெக்ட்ரானிகா 60 என்ற கம்ப்யூட்டருக்குப் படம் போடவே தெரியாது. அடைப்புக்குறி எழுத்துகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். நான்கு சதுரங்களாலான ஏழு உருவங்கள், அவ்வளவே. கதை இல்லை என்கிறீர்கள். நீளக் கட்டை ஒன்றுக்காக ஓர் ஓரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு, தரகர் சொன்ன வரனுக்காகப் பெண் வீட்டார் காத்திருக்கிற மாதிரி காத்திருக்கிறோமே, அது கதை இல்லாமல் வேறு என்ன? 1989-இலேயே நிண்டெண்டோவின் டெலிவிஷன் பெட்டிக்கும் ஒரு டெட்ரிஸ் வந்தது. 2023 டிசம்பரில் பதிமூன்று வயது அமெரிக்கப் பையன் ஒருவன், யந்திரமே திணறி உறைந்து நிற்கும் வரை அதை ஆடிக் காட்டினான். முப்பத்து நாலு வருஷமாக எந்த மனிதனும் அதுவரை போனதில்லை. அந்த ஆட்டம் வந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை. எந்தக் காலத்துக்கு நல்ல ஆட்டம் என்று அவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

ரசனைச் சண்டைதானே, இதற்கு ஏன் இத்தனை சூடு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவிகிதம் இன்று எந்தக் கடையிலும் புதிதாக வாங்கக் கிடைக்காதவை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. அதே 2023 மார்ச்சில் நிண்டெண்டோ தன் இரண்டு பழைய பெட்டிகளின் ஆன்லைன் கடையை மூடியது. கிடைக்காத பழைய ஆட்டங்களை நூலகங்கள் ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்தே காட்ட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நம் ஊரிலோ, 1990-களில் இந்த ஆட்டங்கள் வந்து சேர்ந்ததே நகல் பெட்டிகளில்தான். கேசட்டின் மேல் 'ஒரு லட்சம் ஆட்டம்' என்று போட்டிருக்கும். செருகிப் பார்த்தால் அதே இருபது முப்பது ஆட்டங்கள் பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். அந்தத் திருட்டுக் கேசட் இல்லையென்றால் நம்மில் பலருக்கு மாரியோவே தெரிந்திருக்காது. பழையது அந்தக் காலத்துக்குத்தான் நல்லது என்று ரசிகர்களே சொன்னால், மூடுகிறவர்களுக்கும் மறுக்கிறவர்களுக்கும் வேறு சாட்சி எதற்கு?

கடிதம் எழுதிய அன்பர்கள் தங்கள் பட்டியலையும் அனுப்பலாம். பிரசுரிக்கப் பத்திரிகை ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். ஒரே நிபந்தனை: பட்டியலில் சேர்க்கிற ஒவ்வோர் ஆட்டத்தையும் இந்த வருஷத்தில் ஒரு தடவையாவது மறுபடி ஆடியிருக்க வேண்டும். கேம் பாய் கிடைக்காதவர்கள் எழுதுங்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் கட்டையைத் திருப்புகிற பொத்தான் சரியாக வேலை செய்யாது, அதைத்தான் கொடுப்பேன்.